பூமாதேவியின் கழுத்தாரம்

பிரதாப் கோலார் என்ற பெயரில் பாதி இரவல். பெற்றவர்கள் வைத்தது வெறும் பிரதாப். அப்பா கோலார் தங்க வயலின் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து, புல்டோசர்களின் பல்சக்கரங்களைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் யாரும் மண்ணுக்குக் கீழே நாலடி இறங்கியதில்லை. ஆனால் பெங்களூர் இந்திரா நகரில் ஸ்டுடியோ போட்டு, வெள்ளியில் சிற்ப நகை செய்யும் நவீனக் கலைஞர் என்று பெயரெடுத்த பிறகு, பேட்டிகளில் “நான் சுரங்கத்தின் பிள்ளை” என்று சொல்ல ஆரம்பித்தார். சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடினால் இருட்டிவிடுகிறது, சுரங்கத்துக்கு அது போதாதா?

சிற்ப நகை என்பது அலமாரியில் வைத்தால் சிற்பம், கழுத்தில் போட்டால் தண்டனை. தலையைத் திருப்ப விடாத அட்டிகை, முழங்கையை மடக்க விடாத வங்கி, கை குலுக்கினால் எதிராளியைக் கீறிவிடும் மோதிரம். “போட்டுக்கறவங்களுக்கு ஒரு டிஸ்கம்ஃபர்ட் இருக்கணும். கழற்றவும் ஈஸியா வரக்கூடாது. அந்த அவஸ்தைதான் ஆர்ட்,” என்பார் பிரதாப். பெங்களூரின் பெரிய வீட்டுப் பெண்மணிகள் வரிசையில் நின்று அந்த அவஸ்தையை வாங்கிப் போனார்கள்.

அவர் செய்யும் நகை என்று சொன்னது பேச்சுக்குத்தான். செய்தவள் ராதிகா.

ராதிகா தங்க வயல்காரி. சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்து லைன் வீட்டிலேயே குடித்தனம் நடத்துபவள். தினமும் விடியலில் உரிகம் ஸ்டேஷனில் ஏறி, பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பாதி ஊரோடு இடிபட்டு, ஒன்பது வருஷமாக அந்த ஸ்டுடியோவுக்குப் போய் வருகிறாள். பிரதாப் டிஷ்யூ பேப்பரில் இரண்டு கோடு இழுத்து, “இதுல ஒரு வலி இருக்கு, தெரியுதா?” என்பார். தெரியாது. அவள் மெழுகில் உருப் பிடித்து, அச்செடுத்து, வெள்ளி ஊற்றி, பற்றவைத்து, அரத்தால் ராவி, கந்தக மருந்தில் முக்கிக் கறுப்பேற்றிக் கொடுப்பாள். “பாத்தியா, நான் சொன்ன வலி,” என்பார்.

அதெல்லாம் அவளுக்கு மனத்தாங்கல் இல்லை. வேலைக்குப் போனால் வேலை. பொறுக்க முடியாமல் போனது கேஜ் விஷயத்தில்.

சுரங்கத்தின் செங்குத்துக் குழியான ஷாஃப்டில் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டுக்கு அந்த ஊரில் கேஜ் என்றுதான் பெயர். ராதிகாவின் அப்பா வெங்கடசாமி இருபத்தாறு வருஷம் அதில் இறங்கி ஏறியவர். அவர் இறந்துபோன பிறகு, தன் சின்ன வயதுக் கொலுசை உருக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து, தீப்பெட்டி அளவில் ஒரு கேஜ் செய்தாள். கதவு மேலும் கீழும் ஓடும். உள்ளே அரிசி உயரத்தில் பன்னிரண்டு ஆட்கள், தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு. யாருக்கும் கொடுக்க அல்ல, விற்க அல்ல. தன் கழுத்தில் தான் போட்டுக்கொள்ள. அதைப் பாலிஷ் மெஷினில் பிடிக்கலாம் என்று ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனதுதான் அவள் செய்த தப்பு.

“ரெண்டு நாள் பாத்துட்டுத் தரேன்,” என்று பிரதாப் வாங்கிக்கொண்டார். ஏழு மாதம் கழித்து டெல்லியில் அதற்குப் பரிசு கிடைத்தது. காட்லாகில் பெயர்: இறக்கம் – 1. கலைஞர்: பிரதாப் கோலார்.

“சார், அது என்னோடது சார்,” என்று போய் நின்றாள்.

“ராதிகா,” என்றார் பிரதாப், ஊசி போடப்போகும் டாக்டரின் குரலில். “நீ செஞ்சது ஒரு பொருள். நான் பாத்தப்பதான் அது ஆர்ட் ஆச்சு. இந்த டிஃபரன்ஸ் புரிய உனக்கு டைம் ஆகும்.”

மறுவாரம் ஸ்டுடியோவுக்கு வந்த பத்திரிகைக்காரியிடம் அவளைக் காட்டி, “இவங்க ராதிகா. பாலிஷ் போடறவங்க,” என்றார்.

வேலையை விட்டிருக்கலாம். கணவன் ராஜ்குமார் அதைத்தான் சொன்னான். “உட்டுத் தள்ளு. பெங்களூர்ல வேற எடமே இல்லியா?”

விட்டால் அந்த மனிதர் நிம்மதியாக இருப்பார். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வாயாலேயே, தன் ஊர்க்காரர்கள் காது கேட்க, அந்தக் கேஜ் ராதிகாவுடையது என்று வர வேண்டும். வராது என்று தெரியும். வராவிட்டால், அதே ஊர்க்காரர்கள் முன்னால் அந்த முகம் நாற வேண்டும். இரண்டில் ஒன்று கிடைக்கும்வரை உரிகம் ரயிலை விடுவதாக இல்லை.

சந்தர்ப்பத்தைப் பிரதாபே கொண்டுவந்து கொடுத்தார்.

“இந்த வருஷம் ஷோ நம்ம ஊர்லயே, ராதிகா. கேஜிஎஃப்ல, பழைய கிளப் ஹால்ல. நம்ம மைன் ஆளுங்க முன்னாடி.” ‘நம்ம’ என்ற இடத்தில் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். “மெயின் பீஸுக்கு ஒண்ணு தேவைப்படுது. மியூசியத்துல இல்லாததா, ராவா, பட்டை தீட்டாததா இருக்கணும். உங்க ஆளுங்க வீட்ல ஏதாவது கிடக்குமே?”

“கிடக்கும் சார்,” என்றாள் ராதிகா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த லைனில் இருக்கும் கிளாரன்ஸ் வீட்டுக்குப் போனாள். கிளாரன்ஸ் ஷாஃப்டில் மணியடித்துக் கேஜை அனுப்பிய ஆள், இப்போது பென்ஷன்காரர். அவர் வாசலில் குரோட்டன்ஸ் தொட்டி ஒன்று இரும்பு வளையத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. குதிரை லாடம் போல் ஒரு பக்கம் வாய் திறந்த கனத்த வளையம். இரண்டு பக்கமும் காது மாதிரி கொக்கி.

அந்த ஊரில் ஐம்பதைத் தாண்டிய எந்த ஆம்பிளைக்கும் அதை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. சுரங்கத்தில் ஒவ்வொரு லெவலிலும் சாக்குப் படுதா கட்டிய ஒரு மூலை இருக்கும். அங்கே ஒரு வாளி. வாளி விளிம்பில் இந்த வளையம். எட்டு மணி நேர ஷிஃப்டில் வயிறு கலக்கினால் மேலே ஓடிவர முடியாது, இதன் மேல்தான் உட்கார வேண்டும். சுரங்கத்தை மூடியபோது சிலர் அதைக் கொண்டுவந்து, நன்றாகத் தேய்த்துக் கழுவி, தொட்டிக்கு அடியில் வைத்தார்கள். நல்ல இரும்பு, வீணாக்குவானேன்?

“இன்னாத்துக்கும்மா உனுக்கு அது?” என்றார் கிளாரன்ஸ்.

“எங்க சாருக்கு அங்கிள். அதப் பாத்து வெள்ளில நகை செய்யப் போறாரு.”

கிளாரன்ஸ் அவளைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார். “கையிலயா, கழுத்துலயா?”

“அத அவரே முடிவு பண்ணட்டும்.”

கிளாரன்ஸ் பல்செட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. “எடுத்துக்கினு போ. ஆனா ஷோ அன்னிக்கு எனுக்கு மொத வரிசைல சேர் போடணும்.”

“போடறேன். நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது அங்கிள். ஜனங்களே பாத்து சிரிக்கணும்.”

“ஏசு மேல ஆணையா வாயத் தொறக்க மாட்டேன்.”

மறுநாள் அதைப் பிரதாப் மேசைமேல் வைத்தாள். பொய் சொல்லக் கூடாது என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தாள். பின்னால் யாரும் தன்னைக் குற்றம் சொல்ல இடம் வைக்கக் கூடாது.

“இது என்ன?”

“கீழ ஒவ்வொரு லெவல்லயும் ஒண்ணு இருக்கும் சார். ஒரு மூலைல, படுதா கட்டி வெச்சிருப்பாங்க.”

பிரதாப் கண்ணை மூடினார். “கர்ப்பக்கிரகம்.”

ராதிகா வளையத்தை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

“எல்லாரும் போவாங்களா? ஜாதி, மதம் பாக்காம?”

“எல்லாரும் போவாங்க சார். ஒருத்தர் வந்தப்புறம் ஒருத்தர்.”

“வீட்டுக்குக் கொண்டு வருவாங்களா?”

“மைன் ஓடின வரைக்கும் யாரும் கொண்டாந்ததில்ல சார்.”

“கடவுளே!” மயிர் கூச்செறிந்த முன்கையை அவளிடமே நீட்டிக் காட்டினார். “எனக்கு இது கழுத்துல தெரியுது ராதிகா. பூமாதேவி கழுத்துல. கல்யாணப் பொண்ணு கழுத்துல.”

“அது உங்க ஐடியா சார்,” என்றாள். கேட்காமல் போய்விடக் கூடாதே என்று இன்னொரு தரமும் சொன்னாள். என்ன பொருள் என்று அவர் நேராக ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. தெரிந்துவிட்ட மனிதர் எதற்குக் கேட்கிறார்?

மூன்று மாதம் வேலை பார்த்தாள். இத்தனை அக்கறையாக அவள் எதையும் செய்ததில்லை. பழி வாங்கும் வேலையில் கை பிசகலாமா? பாதி அளவுக்குச் சிறிதாக்கி, துரு அரித்த குழிகளைக்கூட வெள்ளியில் கொண்டுவந்தாள். பல வருஷம் பல பேர் உட்கார்ந்து தேய்ந்த இடத்தின் வழவழப்பை அப்படியே பிடித்தாள். பிரதாப் அந்த வழவழப்பில் விரலை ஓட்டிப் பார்த்து, “தலைமுறைகளோட பக்தி,” என்றார். கொக்கிகளை மட்டும், நளினமாக இருக்கட்டும் என்று, வெளிப்பக்கமாகத் திருப்பச் சொன்னார். திருப்பிக் கொடுத்தாள். திறந்த வாயைப் பின்கழுத்தில் பூட்ட ஒரு மறை திருகும் வைத்தாள்.

காட்லாகில் அது ‘பூமாதேவியின் கழுத்தாரம்’ ஆனது. கீழே இரண்டு வரி: ‘ஆழத்தில் உழைத்தவர்கள் தினமும் ஒவ்வொருவராக நாடிச் சென்ற புனித வளையம். அவர்கள் பாரத்தை இறக்கி வைத்த இடம்.’ ராதிகா அதை ரயிலில் நின்றபடியே படித்தாள். இரண்டாவது வரியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு விழா. முன் வரிசைகளில் பென்ஷன்காரர்கள், ஆளுக்கொரு போண்டாத் தட்டோடு. பின்னால் பெண்கள். பெங்களூரிலிருந்து வந்தவர்களுக்குத் தனி சோபா. பிரதாப் கறுப்புக் குர்தாவில், சுரங்கத்திலிருந்து அப்போதுதான் ஏறி வந்தவரைப் போல, ஆனால் நல்ல வாசனையோடு நின்றார். மேடை ஓரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ராதிகாவின் கேஜ்.

கழுத்தாரத்தை அணிந்து வந்தவர் மமதா. பெங்களூரில் கலைப்பொருள் சேர்ப்பவர்களில் அவர் வைத்ததுதான் சட்டம். மமதா வாங்கினால் மற்றவர்கள் வாங்குவார்கள். மமதா முகம் சுளித்தால் அந்தக் கலைஞர் அடுத்த வருஷம் ஏதாவது பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். வெண்பட்டுப் புடவையில், தலையை அசைக்க முடியாமல், கோயில் தேர் மாதிரி மெதுவாக அவர் உள்ளே வந்தார்.

ஹால் அமைதியானது. ராதிகா முன் வரிசை முகங்களைப் பார்த்தாள்.

யாரும் சிரிக்கவில்லை.

பார்த்தார்கள். அடையாளம் தெரிந்துகொண்டார்கள், அதில் சந்தேகமில்லை. ஒருவர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். ஒருவர் போண்டாவைப் பிட்டு உள்ளே எதையோ தேடினார். பெரிய வீட்டு அம்மா, ஊருக்கு வந்த விருந்தாளி, முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? கிளாரன்ஸ் கர்ச்சீப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார், ஆணைக்குக் கட்டுப்பட்டு. ராதிகா எல்லாவற்றையும் யோசித்திருந்தாள். தன் ஊர்க்காரர்களின் மரியாதையை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டாள்.

பூமாதேவி, கல்யாணப் பொண்ணு என்று பிரதாப் இருபது நிமிஷம் பேசினார். கண்ணை நாலு தடவை மூடினார். கைதட்டினார்கள். அதுவும் மரியாதைக்கு. அவ்வளவுதான், முடிந்தது என்று அவளுக்கு வயிறு எரிந்தது. இனி அந்த ஆள் இதற்கும் ஒரு பரிசு வாங்குவான்.

அப்போதுதான் மமதா மைக்கை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். மக்களோடு, தன் கன்னடம் கலந்த தமிழிலாவது, பேசாமல் அவருக்குப் போக மனமில்லை. நேராக முனியப்பன் முன்னால் போய் நின்றார். முனியப்பன் முப்பது வருஷம் கீழே மரத்தூண் நட்டவர். பொய் சொல்ல வராது என்பதால் யூனியன் தேர்தலில் இரண்டு முறை தோற்றவர்.

“ஐயா, நீங்க ஹேளி… சொல்லுங்க. கல்யாணத்துல எந்தப் பொண்ணு இதைப் போட்டிருந்தா? உங்களுக்கு ஞாபகம் இதெயா?”

முனியப்பன் எழுந்து கும்பிட்டார். “இல்லீங்கம்மா.”

“பரவாயில்ல, வெட்கப்படாதீங்க. கழுத்துல போட்டு நீங்க பார்த்திருப்பீங்களே?”

“கழுத்துல நாங்க போட மாட்டோங்கம்மா.”

“மத்தே? வேற எங்கே போடுவீங்க?”

முனியப்பன் கிளாரன்ஸைப் பார்த்தார். கிளாரன்ஸ் கூரையைப் பார்த்தார். உதவிக்கு ஆளில்லை. “போட மாட்டோங்கம்மா. அதும்மேல குந்துவோம்.”

“குந்து… அப்படின்னா?”

“உக்காருவோம். அவசரத்துக்கு. கீழ வாளி இருக்கும், வாளி மேல இது. அம்மா தப்பா நெனச்சிக்கக் கூடாது. வெள்ளில செஞ்சிக்கிறாங்க, பாக்க நல்லாத்தான் இருக்குது.”

மைக் அவர் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. பின்வரிசையில் ஒரு பெண் முதலில் கெக்கலித்தாள். அதற்காகவே காத்திருந்த மாதிரி ஹால் முழுக்க உடைந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், நாற்காலிக் கையைக் குத்தினார்கள், ஒருவருக்குப் போண்டா புரையேறி இன்னொருவர் முதுகில் தட்டினார். சோபாவிலிருந்த பெங்களூர்க்காரர்கள், பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, இருமுவது போல் சிரித்தார்கள்.

மமதாவின் கை கழுத்துக்குப் போனது. இழுத்தார். வரவில்லை. எளிதில் கழற்ற முடியாதபடி செய்வதுதானே கலை.

“பிரதாப்! இது என்ன?”

“மேடம், புனிதம் எது, அசுத்தம் எதுன்னு நான் ஒரு கேள்வி எழுப்பறேன்…”

“காட்லாக்ல பூமாதேவின்னு போட்டிருக்கே. அதை எழுதினது யாரு?”

பிரதாபின் கண் ஹாலைச் சுற்றியது. சுவரோரம் நின்ற ராதிகாவைக் கண்டுபிடித்தது. “இது என் ஐடியாவே இல்ல மேடம். ராதிகா! ராதிகாதான் கொண்டு வந்தா. ஃபார்ம், மெழுகு, காஸ்டிங், எல்லாமே ராதிகா. நான் ஜஸ்ட் பார்த்தேன்.”

ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக அந்த வாயிலிருந்து அவள் பெயர், வேலையோடு சேர்ந்து, மைக்கில், மூன்று தடவை வந்தது. ராதிகா கேட்டுக்கொண்டே நடந்து வந்தாள்.

“ஆமாங்க மேடம். இரும்பு நான் கொண்டாந்தது. வெள்ளி ஊத்துனது, ராவுனது, கறுப்பு போட்டது எல்லாம் நான்தான். கழுத்துல மாட்டலாம்னது மட்டும் சாரு. அதுல எனுக்குப் பங்கு வேணாம்.”

சிரிப்பு இன்னொரு சுற்று போனது. அடங்கும்வரை காத்திருந்தாள்.

“ஆனா மேடம், அந்தக் கண்ணாடிப் பொட்டில ஒரு கேஜ் இருக்குது. அதுவும் நான் கொண்டு போனதுதான். நான் செஞ்சதுதான். சாரு ஜஸ்ட் பாத்தாரு. அது யாரோடதுன்னு சாரையே கேளுங்க.”

“அது வேற!” என்றார் பிரதாப். “அது என்னோட…”

“எப்படி வேற?” மமதாவுக்குக் கழுத்து சிவந்திருந்தது, கோபத்தில் பாதி, வெள்ளியில் பாதி. “ரெண்டும் அவ கொண்டு வந்தா, அவ செய்தா, நீ பார்த்தே. கேஜ் உன்னோடதுன்னா இந்தக் கக்கூஸும் உன்னோடது. இது அவளோடதுன்னா கேஜும் அவளோடது. யாவுது? சீக்கிரம் சொல்லு, கழுத்து வலிக்குது.”

பிரதாப் கண்ணை மூடவில்லை. ஹாலில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒரு பக்கம் டெல்லிப் பரிசு. இன்னொரு பக்கம், இன்று சாயங்காலத்துக்குள் பெங்களூர் முழுக்கப் போகப்போகும் வீடியோ.

கிளாரன்ஸுக்கு ஆணை அதற்குமேல் தாங்கவில்லை. “குந்திக்கினு யோசிங்க சார்,” என்றார். “அவசரமில்ல.”

“கேஜும் ராதிகாவோடதுதான்,” என்றார் பிரதாப், குர்தாவின் பொத்தானைப் பார்த்து.

“இன்னா சொல்றாரு?” என்றார் முனியப்பன். அவருக்கு நிஜமாகவே கேட்கவில்லை. வெடிச் சத்தத்தில் போன காது. “மைக்குல சொல்லச் சொல்லுப்பா.”

மைக்கை ராதிகாவே நீட்டினாள். “இறக்கம் ஒன்று,” என்றார் பிரதாப். “செய்தது ராதிகா.” ஹாலின் கடைசி மூலைவரை கேட்டது.

“சாவி சார்,” என்றாள்.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கேஜை எடுத்து, தாலிக் கயிற்றுக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டாள். பிறகு மமதாவின் பின்னால் போய், தான் வைத்த மறை திருகைக் கண்டுபிடித்துக் கழுத்தாரத்தைக் கழற்றினாள். மமதா புடவைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காருக்கு நடந்தார். சோபாக்காரர்கள் அவர் பின்னாலேயே எழுந்து போனார்கள்.

ராதிகா வெள்ளி வளையத்தைப் பிரதாபின் இரண்டு கையிலும் வைத்தாள்.

“நாளைக்கு ஸ்டுடியோவுல பேசிக்கலாம்,” என்றார் அவர், உதடு அசையாமல்.

“நாளைக்கு நான் ரயிலேறல சார்.”

கீழே வைக்க இடமில்லாமல், பிடித்துக்கொண்டிருக்கவும் பிடிக்காமல் அவர் நின்றார். அதற்குள் முனியப்பன் மேடைக்கு ஏறி வந்துவிட்டார். இத்தனை தூரம் வந்து, இத்தனை வெள்ளி போட்டுச் செய்திருக்கிறார் மனிதர், தப்பைத் திருத்தாமல் அனுப்பலாமா என்ற கவலை அவருக்கு.

“எல்லாம் சரிதான் சார், இந்தக் கொக்கிதான் தப்பு. உள்ளாற திரும்பணும். வெளிய திரும்புனா வாளி ஆடும், ஆளு கவுந்துடுவான். இப்பிடிப் புடிங்க, காட்டறேன். இந்த வாளியத் தூக்கி மேல அனுப்புனவங்க ரெண்டு பேரு இன்னும் உசுரோட இருக்கிறாங்க சார், அவுங்களக் கூப்புட்டு மேடைல குந்த வெச்சிருக்கணும் நீங்க. இருங்க, ஆள் அனுப்பறேன், இன்னும் நல்லா வெவரமா சொல்லுவாங்க.”

நாலைந்து பென்ஷன்காரர்கள் ஆளுக்கொரு திருத்தத்தோடு பிரதாபைச் சூழ்ந்துகொண்டார்கள். முனியப்பன் ஒரு விஷயத்தை விளக்க ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார் என்று ராதிகாவுக்குத் தெரியும். காப்பாற்றப் போகவில்லை. முன் வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்துகொண்டாள்.